பாமினி வினாத்தாளும் கைபேசிக்குள் ஒரு டெபியனும்

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையிலுள்ள தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த, தரம் 10, 11 படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்களுள் மடிக்கணினி உள்ள வீட்டுப் பிள்ளைகள் மிகச் சிலரே. ஆனால் அன்ட்ராய்ட் கைபேசி ஒன்றாவது இல்லாத வீடு அரிது. 2022ஆம் ஆண்டில் டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டி ஏறியதிலிருந்து, புதிய மடிக்கணினி என்பது கொழுந்து பறித்து வரும் நாட்சம்பளத்தைக் கொண்டு எண்ணிப் பார்க்கக்கூடிய பொருளாக இல்லை. ஆகவே கையில் இருக்கும் கைபேசியிலேயே மேசைக்கணினியின் மென்பொருள்களை இயக்குவது எப்படி என்பதை நான் முக்கியமான கேள்வியாகக் கருதுகிறேன்.

வட்ஸ்அப் குழுக்களில் வரும் மாதிரி வினாத்தாள்களைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் ஆசிரியர்கள் தயாரிக்கும் வேர்ட் கோப்புகளில் பெரும் பகுதி இன்னமும் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்யப்படுகிறது. யுனிகோட் என்பது ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் பொதுமுறை; பாமினி அதைச் சேர்ந்ததன்று. ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கும் எழுத்துரு அது. ‘தமிழ்’ என்ற சொல் அத்தகைய கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிந்திருக்கும். எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும். கைபேசியிலோ பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே நிறைந்திருக்கும். அன்ட்ராய்டில் நாம் விரும்பும் எழுத்துருவைத் தொகுதி முழுவதற்குமாக நிறுவப் பொதுவாக வழியில்லை, கைபேசி அலுவலகச் செயலிகள் பலவும் வெளியிலிருந்து எழுத்துரு சேர்க்க இடங்கொடுப்பதில்லை. யுனிகோட் மாற்றிகள் இணையத்தில் உண்டு, ஆயினும் ஆங்கிலச் சொற்களும் சமன்பாடுகளும் கலந்த வினாத்தாளை அவற்றில் இட்டால் ஆங்கிலப் பகுதியும் சேர்ந்து தமிழாக மாறிக் குழம்பும், அட்டவணைகளும் கலைந்துபோகும்.

இத்தனைக்கும் கைபேசி வலுவற்ற கருவியன்று. அன்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் என்னும் இலவச இயக்க முறைமையின் கருவே, அதாவது வன்பொருளை ஆளும் மையப் பகுதியே. டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் லிப்ரே ஒபிஸ் (வேர்ட் போன்ற அலுவலகத் தொகுப்பு), கிம்ப், இன்க்ஸ்கேப் (படவேலைக்கானவை) முதலிய மென்பொருள்களைக் கைபேசிகளிலுள்ள ஏஆர்எம் வகை முறைவழியாக்கிக்கெனவே (புரொசசர்) தொகுத்து இலவசமாக வழங்குகின்றன. அவை நேரடியாக இயங்காமைக்குக் காரணம் சுற்றுச்சூழல்தான். டெபியன் மென்பொருள்கள் ஜிலிப்சி என்னும் அடிப்படை நூலகத்தை எதிர்பார்க்கின்றன, அன்ட்ராய்டிலோ பயோனிக் என்னும் வேறொரு நூலகம் இருக்கிறது. சாளரங்களை வரைவதற்கு அவை எக்ஸ்11 சேவையகத்தைத் தேடுகின்றன, அன்ட்ராய்டு தனக்கேயுரிய வேறு முறையில் திரையை வரைகிறது. கோப்புறைகளின் அமைப்பும் ஒத்துப்போவதில்லை. சமையற்காரரும் சாமான்களும் வந்து சேர்ந்துவிட்டன, அடுப்படிதான் இல்லை என்பது போன்ற நிலைமை இது.

அந்த அடுப்படியை அமைத்துத் தருவது டெர்மக்ஸ் என்னும் இலவசச் செயலி. அதனுள் புரூட்-டிஸ்ட்ரோ என்னும் கருவியை நிறுவி, அதன் மூலம் டெபியனை இறக்கிக்கொள்ளலாம். புரூட் செய்யும் வேலை நுட்பமானது: டெபியன் மென்பொருள் ஒன்று கருவிடம் ஏதேனும் கோப்பைக் கேட்கும்போதெல்லாம் இடையில் நின்று, அந்த வேண்டுகோளை டெர்மக்ஸின் சொந்தக் கோப்புறைக்குள் திருப்பிவிடுகிறது, ஆகவே மென்பொருள் தான் முழுமையான டெபியன் கணினியில் இருப்பதாகவே எண்ணி இயங்குகிறது. இதற்குக் கைபேசியை ‘ரூட்’ செய்யவே, அதாவது தொகுதியின் முழு அதிகாரத்தையும் திறந்துவிடவே, வேண்டியதில்லை. கைபேசியின் தொகுதிக் கோப்புகள் எவையும் மாறுவதில்லை என்பதால் அஞ்சாமல் முயலலாம். திரைக்கு டெர்மக்ஸ்-எக்ஸ்11 என்னும் துணைச் செயலியும், சாளரங்களை ஒழுங்குபடுத்த எக்ஸ்எஃப்சிஈ என்னும் இலகுவான மேசைச்சூழலும் போதும். டெர்மக்ஸைப் பிளே ஸ்டோரிலிருந்து இறக்காமல் எஃப்-டிரொய்ட், கிட்ஹப் ஆகிய இணையத்தளங்களில் ஒன்றிலிருந்து பெறுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். அன்ட்ராய்ட் 10இலிருந்து, செயலிகள் தாம் இறக்கிய கோப்புகளைத் தாமே இயக்குவதற்குப் புதிய கட்டுப்பாடு வந்தது. முன்பு பிளே ஸ்டோரில் இருந்த பதிப்புக்கு அதனால் 2020உடன் புதுப்பிப்புகள் நின்றன.

இவையெல்லாம் அமைந்தபின் பாமினி எழுத்துருக் கோப்பை டெபியனின் எழுத்துருக் கோப்புறையில் இட்டு லிப்ரே ஒபிஸைத் திறந்தால், அதுவரை புதிராக இருந்த வினாத்தாள் முழுத் தமிழில் வந்து நிற்கும். எனக்கு இந்த முயற்சி முழுவதையும் நியாயப்படுத்திய பயன் இதுதான். திருத்தியும் எழுதலாம், பாமினிக்கு ஆங்கில விசைப்பலகையே போதுமாதலால் தமிழ் உள்ளீட்டு முறை எதையும் தனியே அமைக்க வேண்டியதில்லை. எழுதி முடித்ததைப் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்தால் எழுத்துரு அதனுள்ளேயே பொதிந்துவிடும். அதன்பின் டவுனிலுள்ள எந்தக் கொமியூனிகேஷன் கடையில் கொடுத்தாலும், அங்கே பாமினி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அச்சு பிசகாமல் வரும். புதிதாக எழுதுவோர் யுனிகோட் தமிழில் எழுதுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. லிப்ரே ஒபிஸ் யுனிகோட் தமிழையும் செம்மையாகக் காட்டுகிறது. ஆனால் பல்லாண்டுகளாகச் சேர்ந்துள்ள பாமினிக் கோப்புகளைப் பிள்ளைகள் இன்றைக்கே படிக்க வேண்டியிருக்கிறது.

பாடத்துக்கும் இதனால் நேரடிப் பயனுண்டு. சாதாரண தரப் பாடத்திட்டத்திலுள்ள சொல் முறைவழிப்படுத்தல், விரிதாள், முன்வைப்பு, தரவுத்தளம் ஆகிய நான்கையும் லிப்ரே ஒபிஸிலேயே பழகலாம். பஸ்கால் என்னும் கணினி மொழியில் நிரல்களை எழுதி இயக்க டெபியனில் ஃப்ரீ பஸ்கால் இருக்கிறது. பாடசாலைக் கணினி அறையில் தம் முறை வரும்வரை காத்திருக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை நான் ஒவ்வொரு வாரமும் காண்கிறேன். தென்மேல் பருவக்காற்றில் மரம் விழுந்து மின்சாரம் நின்றுபோகும் நாட்களிலும், மின்கலத்தில் வலுவிருக்கும்வரை பயிற்சி தடைப்படுவதில்லை.

தொல்லைகளும் உண்டு. புரூட் ஒவ்வொரு வேண்டுகோளையும் இடைமறிப்பதால் மென்பொருள்கள் திறப்பதற்குச் சற்று நேரம் எடுக்கும்; திறந்தபின் எழுதுவதில் அவ்வளவு தாமதம் தெரியாது. நினைவகம் 4 ஜிகாபைட்டுக்குக் குறைவாக இருந்தால் நான் பரிந்துரைக்க மாட்டேன். சேமிப்பகத்திலும் 5 ஜிகாபைட் அளவு ஒதுக்கிவைப்பது நல்லது. பலரைக் கைவிடச் செய்வது வேறொன்று: அன்ட்ராய்ட் 12இலிருந்து, செயலிகள் தோற்றுவிக்கும் துணைச் செயன்முறைகள் எல்லாம் சேர்ந்து 32ஐத் தாண்டினால் தொகுதி அவற்றைக் கொன்றுவிடும். டெர்மக்ஸ் ‘சிக்னல் 9’ என்று காட்டிவிட்டு நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். அன்ட்ராய்ட் 14இல் மேம்படுத்துநர் தெரிவுகளுக்குள் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கும் ஆளி ஒன்று சேர்க்கப்பட்டது. எழுதியது அழிந்து மனம் சோர்வதற்கு முன்பே அதைத் தேடி மாற்றிவிடுங்கள். சிறிய திரையில் விரலால் பட்டியல்களைத் தொடுவது கடினம். கைபேசியுடன் யூஎஸ்பி கருவிகளை இணைக்கும் ஓடிஜி இணைப்பியில் ஒரு சாதாரண விசைப்பலகையையும் சுட்டியையும் பொருத்தினால் வேலை வெகுவாக எளிதாகும்.

வின்டோஸ் மென்பொருள்களையே இயக்க முடியுமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இன்டெல் கட்டளைகளை மொழிபெயர்க்கும் பொக்ஸ்64, வின்டோஸ் மென்பொருளை லினக்ஸில் இயக்கும் வைன் ஆகியவற்றை இணைத்துப் பயன்படுத்தும் வின்லேட்டர் போன்ற செயலிகள் அதைச் செய்கின்றன. எனினும் இன்டெல் முறைவழியாக்கிக்கு எழுதப்பட்ட கட்டளைகளை ஓடும்போதே ஏஆர்எம்முக்கு மொழிபெயர்ப்பதில் வலுவும் மின்கலமும் விரயமாகின்றன. விளையாட்டுகளுக்கு அது சரியாக இருக்கலாம். படிப்பு வேலைக்கு ஏஆர்எம்முக்கென்றே தொகுக்கப்பட்ட லினக்ஸ் மென்பொருள் இருக்கும்போது அந்தச் சுற்றுவழி தேவையில்லை.

2025 மார்ச்சில் கூகுள் தன் பிக்சல் கைபேசிகளில் டெபியனை மெய்நிகர் இயந்திரமாக, அதாவது கைபேசிக்குள்ளேயே ஒரு தனிக் கணினி போல, இயக்கும் டெர்மினல் செயலியைத் தந்தது. இது மகிழ்ச்சியான திருப்பம். ஆனால் நம் பகுதியில் புழங்கும் விலை குறைந்த கைபேசிகளுக்கு அந்த வசதி பரவலாக வரும்வரை டெர்மக்ஸ் வழியே நமக்குரியது.

கடைசியாக டேட்டா செலவு. மேசைச்சூழல், லிப்ரே ஒபிஸ், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே இறக்குவது வீண்செலவு, சிக்னல் நலிந்த தோட்டங்களில் அது நடக்கக்கூடியதும் அன்று. புரூட்-டிஸ்ட்ரோவில் காப்பெடுக்கவும் மீட்டெடுக்கவும் கட்டளைகள் உள்ளன. ஒரு கைபேசியில் எல்லாவற்றையும் பாமினியுடன் சேர்த்துச் செவ்வையாக அமைத்து, ஒற்றைக் காப்புக் கோப்பாக்கி, மெமரி கார்ட்டில் கொடுத்தனுப்பலாம். வாங்கிக்கொள்ளும் கைபேசியும் 64 பிட் ஏஆர்எம் வகையாக இருந்து, அதில் டெர்மக்ஸும் புரூட்-டிஸ்ட்ரோவும் டெர்மக்ஸ்-எக்ஸ்11உம் நிறுவியிருந்தால், மீட்டெடுப்பதற்கு இணைய இணைப்பே தேவைப்படாது.