முதல்ல கட்டணத்தைப் பாரு

அக்கா மகள் வேலைக்குச் சேர்ந்ததும், "சித்தி, எந்தப் பங்கு வாங்கலாம்?" என்று கேட்டாள். கிரெடிட் கார்டு பாக்கி முழுக்கத் தீரட்டும், ஆறு மாதச் செலவுக்குப் பணம் வங்கியில் சேரட்டும், பங்கெல்லாம் அப்புறம் என்றேன்.

அடுத்தது ஃபண்டு நிர்வாகக் கட்டணம்; அதாவது பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டு, அந்த வேலைக்காக ஆண்டுதோறும் நம் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் தொகை. இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஆண்டுக்கு 7% வளரும் 1,00,000 ரூபாய், 30 ஆண்டில் ஏறத்தாழ 7,61,000 ஆகும். அதில் ஆண்டுதோறும் 1% கட்டணமாகப் போய் 6% வளர்ச்சியே மிஞ்சினால்? சுமார் 5,74,000தான். கிட்டத்தட்ட கால்வாசி போய்விடுகிறது! 1976-இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான வான்கார்டின் நிறுவனர் ஜான் போகிள், சாதாரண மக்களுக்காக இண்டெக்ஸ் ஃபண்டு (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்டு) தொடங்கியபோது குறைந்த செலவைத்தான் முன்னிறுத்தினார்.

ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை மட்டும் பங்குச் சந்தைப் பக்கமே கொண்டுபோகாதே என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.