எக்ஸ் ஜீரோவுக்கு நான் போட்ட தடை

ப்ராசஸர் டிசைன டெஸ்ட் பண்ண இன்ஸ்ட்ரக்ஷன ரேண்டமா ஜெனரேட் பண்ணுவோம்னு சொன்னா, அதான் கம்ப்யூட்டரே எழுதிடுதே உனக்கென்ன வேலைம்பாங்க. அந்த ரேண்டம அடக்குறதுதாங்க வேலையே. ரிஸ்க்-ஃபைவ்ங்கிற இன்ஸ்ட்ரக்ஷன் செட்ல 32 பிட்ட சும்மா குலுக்கிப் போட்டா சீக்கிரமே செல்லாத இன்ஸ்ட்ரக்ஷன்னு ட்ராப் அடிக்கும், அதாவது ஓட்டத்த விட்டுட்டு எரர கவனிக்கப் போயிடும், அதுல தப்பிச்சா மெமரிய படிக்கிற லோடு இல்லாத அட்ரஸுக்குப் போகும், அதுலயும் தப்பிச்சா வேற இடத்துக்குத் தாவ வைக்கிற பிராஞ்ச் பின்னாடி தாவி அங்கயே சுத்திட்டுக் கிடக்கும். அதனால லோடுக்கு அட்ரஸ் வச்சிருக்கிற பேஸ் ரிஜிஸ்டர யாரும் தொடக்கூடாது, பிராஞ்ச் முன்னாடிதான் தாவணும்னு கன்ஸ்ட்ரெயின்ட், அதாவது கட்டுப்பாடு போடுவோம்.

எது எவ்வளவு அடிக்கடி வரணும்னு சொல்ற வெயிட் வேற இருக்கு. ப்ராசஸருக்குள்ள வேல்யூ வைக்கிற 32 ரிஜிஸ்டரையும் சமமா எடுத்தா பக்கத்து பக்கத்து இன்ஸ்ட்ரக்ஷனுக்குள்ள சம்பந்தமே அபூர்வமாத்தான் வரும், ஒரு ரிசல்ட்ட ரிஜிஸ்டர்ல எழுதுறதுக்கு முன்னாடியே அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனுக்குக் கொடுக்குற ஃபார்வர்டிங் லாஜிக் தூங்கும், அதுக்கு நாலஞ்சு ரிஜிஸ்டருக்குள்ளயே சுத்தவிடணும். வகுத்தலும் அப்படித்தான், ரிஸ்க்-ஃபைவ்ல ஜீரோவால வகுத்தா ட்ராப் கிடையாது, ஈவுல எல்லா பிட்டும் 1 ஆகி வரணும், ஆனா ரேண்டம் 32 பிட் வேல்யூல ஜீரோ தானா விழ சுமார் 429 கோடில ஒரு சான்ஸ்தான், நாமதான் ஜீரோவ திணிக்கணும்.

இவ்வளவும் தெரிஞ்ச நான் ஒரு காரியம் பண்ணேன். எக்ஸ் ஜீரோங்கிற ரிஜிஸ்டர் எப்பவுமே ஜீரோ, அதுல எழுதுற ரிசல்ட் குப்பைக்குத்தானே போகுது, சிமுலேஷன் டைம் வேஸ்ட்னு, ரிசல்ட் போய்ச் சேர்ற டெஸ்டினேஷனா எக்ஸ் ஜீரோ வரவே கூடாதுன்னு லோடுக்கு ஒரு வரி எழுதிட்டேன். மாசக்கணக்கா ரெக்ரெஷன், அதாவது மொத்த டெஸ்ட்டும், ஃபெயில் இல்லாம பச்சையா ஓடுச்சு, எனக்கும் ஒரே பெருமை.

அப்புறம் டிசைன எஃப்பிஜிஏங்கிற, சர்க்யூட்ட மாத்தி அமைக்கக்கூடிய சிப்ல போட்டு டிரைவர் சாஃப்ட்வேர் ஓட்டினவர் வந்து நின்னார். டிவைஸோட ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர் படிச்சா க்ளியர் ஆகிடும், வேல்யூ வேண்டாம், அதனால மனுஷன் எக்ஸ் ஜீரோவுக்கு லோடு பண்ணிட்டு அடுத்த வரில எக்ஸ் ஜீரோவ மெமரில ஸ்டோர் பண்ணியிருக்கார், மெமரில ஜீரோவுக்குப் பதில் அந்த ஸ்டேட்டஸ் வேல்யூ உக்காந்திருக்கு. லோடு ஃபார்வர்டிங்ல ரிஜிஸ்டர் நம்பர் ஒண்ணா இருக்கான்னு மட்டும்தான் பார்த்திருக்காங்க, நம்பர் ஜீரோவான்னு பாக்கல. டிசைன் பண்ணவர்கிட்ட சண்டை போடலாம்னு எந்திரிச்சேன், அந்தத் தடை எழுதின என் ஃபைல் ஞாபகம் வந்துச்சு, உக்காந்துட்டேன்.

அந்த வரிய தூக்கிட்டு ராத்திரி ரெக்ரெஷன் விட்டேன். காலைல சரியான விடைக்கு ஒப்பிடுற ஸ்பைக் சிமுலேட்டர் லாகோட ஒத்துப்போகாம 17 சீட் (ரேண்டமுக்கு ஆரம்ப எண், ஒவ்வொண்ணும் ஒரு டெஸ்ட்) ஃபெயில், எல்லாம் இதே பக்.