பாதி செத்த சென்சார்

இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் அடியோடு செத்துப்போனால் மெக்கானிக்குக் கவலையில்லை. ஸ்கேனரை மாட்டினால் பி0102, பி0103 என்று நேரடியாகக் கோடு (பிழைக் குறியீடு) வந்துவிடும். ஒயரையும் கனெக்டரையும் சோதித்து, அதில் குறையில்லை என்றால் சென்சாரை மாற்றிவிடலாம். பாதி செத்ததுதான் ஆளைச் சுற்றவிடும். தன்னைப் பற்றி ஒரு கோடும் போடாமல், பழியை வேறு யார் மேலாவது தள்ளிவிடும்.

அப்படி ஒரு வண்டி வந்தது, 1.5 லிட்டர் பெட்ரோல். மேடு ஏறும்போது இழுக்கவில்லை என்பது புகார். கோடு பி0171, அதாவது கலவை லீன்: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. வேறொரு ஒர்க்‌ஷாப்பில் ஏற்கெனவே, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றியிருந்தார்கள். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு அணைந்து, சில நாளில் திரும்பவும் எரிந்திருக்கிறது. அணைந்ததற்குப் புது சென்சார் காரணமே இல்லை. கோடை அழிக்கும்போது, ஈசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) அதுவரை கற்று வைத்திருந்த எரிபொருள் திருத்தமும் பல வண்டிகளில் சேர்ந்தே அழிந்துவிடும். மறுபடி கற்றுக்கொள்ளும்வரை விளக்கு எரியாது. அதற்குள் பில் போட்டு வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். கலவை லீன் என்று உள்ளதைச் சொன்ன ஆக்சிஜன் சென்சாருக்குத்தான் முதலில் வேலை போகிறது.

நான் முதலில் பார்ப்பது ஃப்யூயல் ட்ரிம், அதாவது ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற அந்தத் திருத்தம். ஐட்லிங்கில் கிட்டத்தட்ட சரியாக இருந்தது. ரோட்டில் ஏற்றத்தில் மிதித்தால் +20-ஐத் தாண்டியது. எங்காவது ஹோஸ் வெடித்துக் கணக்கில் வராத காற்று உள்ளே போனால், இதற்கு நேர்மாறாக இருக்கும். ஐட்லிங்கில் மொத்தக் காற்றே கொஞ்சம்தான், அதனால் சின்னக் கசிவும் பெரிதாகத் தெரியும். ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம் இறங்கும். இங்கே ஏறுகிறது. அப்படியானால் இரண்டு பேர் மேல்தான் சந்தேகம்: பெட்ரோல் பிரஷர் போதவில்லை, அல்லது சென்சார் காற்றைக் குறைத்துச் சொல்கிறது.

கூட இருந்த பையன், "அண்ணே, ஃப்யூயல் பம்பை இறக்கிரலாமா?" என்றான். பின்சீட்டைக் கழற்றும் ஆர்வம் அவனுக்கு எப்போதும் உண்டு. அதற்கு முன் ஒரு கணக்குப் போடச் சொன்னேன். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 4000 ஆர்பிஎம்மில் 1.5 லிட்டர் இன்ஜின் என்றால் நிமிடத்துக்கு 3000 லிட்டர், வினாடிக்கு 50 லிட்டர். ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம், ஆக 60 கிராம். டர்போ இல்லாத சாதாரண இன்ஜின் பொதுவாக முழுசாக நிரம்பாது, 80 முதல் 85 சதவீதம் என்று வைத்தால் 50 கிராம் பக்கம் வரவேண்டும்.

காலியான ரோட்டில், இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தேன். பையன் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டு வந்தான். 4000-இல் 38 கிராம்தான். பம்ப் பலவீனமாக இருந்திருந்தால் இந்த எண் சரியாக இருந்திருக்கும். சைலன்சர் அடைத்திருந்தாலும் எண் குறையும்தான். ஆனால் அப்போது காற்று நிஜமாகவே குறைவு, பெட்ரோலும் அதற்கேற்பக் குறையும், ட்ரிம் இப்படி ஏறாது. கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். சென்சார் இல்லையென்றால் ஈசியு த்ராட்டிலையும் ஆர்பிஎம்மையும் வைத்துக் குத்துமதிப்பாகப் பெட்ரோல் விடும். அந்தக் குத்துமதிப்பிலேயே வண்டி நன்றாக இழுத்தது.

சென்சாரை வெளியே எடுத்து டார்ச் அடித்தால், மெல்லிய கம்பியின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு படலம். கம்பியைச் சூடாகவே வைத்திருக்க எவ்வளவு கரண்ட் தேவைப்படுகிறது என்பதுதான் காற்றின் அளவு. அழுக்கு போர்வையாக மூடிக்கொண்டால் கம்பி சரியாகக் குளிராது, கரண்ட் குறையும், காற்று குறைவு என்று கணக்கு போகும். இதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை அடித்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினேன். கார்புரேட்டர் கிளீனரை அடிப்பவர்களையும், காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பேசாமல் சுத்தியலால் ஒன்று போட்டுவிடலாம்.

சுத்தம் செய்ததில் 38 என்பது 43 ஆனது. போதாது, மாற்றித்தான் ஆகவேண்டும்.

ஆனால் ஃபில்டரைத் தாண்டி அவ்வளவு தூசி எப்படி வந்தது? ஏர் ஃபில்டர் பாக்ஸின் மூடியில் ஒரு கிளிப் உடைந்து, அந்தப் பக்கம் மூடி விரல் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கியிருந்தது. "அது எப்பவோ உடைஞ்சது சார், ஃபில்டர் மாத்தும்போது" என்றார் வண்டிக்காரர். சென்சாருக்கு உடனே சரி என்றவர், பிளாஸ்டிக் பாக்ஸுக்குத்தான் யோசித்தார். மூடியின் உள்பக்கத்தில் விரலை ஓட்டிக் காட்டினேன். விரலில் ஒட்டிய மண்ணைப் பார்த்ததும் ஒப்புக்கொண்டார்.

இரண்டையும் மாற்றியபின் அதே ரோட்டில் 51 வந்தது. ஏற்றத்திலும் ட்ரிம் ஐந்துக்குள் அடங்கியது.

"அப்போ அந்த ஆக்சிஜன் சென்சார்?" என்று கேட்டார்.

பழையதைக் கொண்டுவந்தால் சோதித்துச் சொல்கிறேன் என்றேன். அது பழைய இரும்போடு போய்விட்டதாம்.