கோகுலைச் சுமந்த நான்கு தோள்கள்

கொல்கத்தாவை ஒட்டிய ஹௌராவில் பாண்டெல் லோக்கல் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஹூக்ளி ஆற்றங்கரைச் செராம்பூர் வந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து அதிக தூரமில்லை மிஷன் கல்லறைத் தோட்டம். இங்கிலாந்திலிருந்து வந்த பாப்டிஸ்ட் மிஷனரிகளான வில்லியம் கேரி, யோசுவா மார்ஷ்மேன், வில்லியம் வார்டு மூவரும் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் விசுவாசிகள் பெரும்பாலும் கேரி ஐயரின் கல்லறை முன் நின்று ஜெபித்துவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பிவிடுவார்கள். நானும் என் மனைவியும் அங்கே ஜெபித்தோம். ஆனால் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தவர் கேரி அல்ல, கோகுல். மிஷனரிகள் இந்த நிலத்தை வாங்கியபின் முதலில் இங்கே விதைக்கப்பட்ட வங்காள விசுவாசி அவர்.

கேரி செராம்பூருக்கு வந்தது 1800 ஜனவரி 10-ஆம் தேதி. கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை விரும்பவில்லை. செராம்பூரோ டென்மார்க் அரசுக்குச் சொந்தமான ஊர். அதன் கவர்னர் ஓலே பீ, கம்பெனியின் நெருக்குதலுக்கு இணங்காமல் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். இவர் முன்பு டென்மார்க்காரர்களின் தரங்கம்பாடியில் இருந்தவர், தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் போதனையைக் கேட்டவர். தஞ்சைப் பக்கத்துச் சபையில் வளர்ந்த எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. காவிரிக் கரையில் கேட்ட வசனம் ஹூக்ளிக் கரையில் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. அதே ஆண்டில் பாப்டிஸ்ட் சபையும் இங்கே அமைந்தது.

ஆனாலும் உள்ளூர் மக்களில் ஒருவரும் சேரவில்லை. கேரி இந்தியாவுக்கு வந்தே ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நவம்பரில் கிருஷ்ண பால் என்ற தச்சர் ஆற்றங்கரையில் விழுந்து, தோள்மூட்டு விலகிப்போனது. மிஷனில் இருந்த டாக்டர் ஜான் தாமஸ் அதைப் பொருத்திவிட்டார், சுவிசேஷமும் சொன்னார். டிசம்பர் 22 அன்று கிருஷ்ண பாலும் அவர் நண்பர் கோகுலும் மிஷனரிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டோடு சாதி போயிற்று. ஊர் கொந்தளித்தது, கூட்டம் வீட்டைச் சூழ்ந்தது. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாயிருந்த கோகுல் பின்வாங்கினார். டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, கேரி ஆற்றில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது இரண்டு பேருக்கு: ஒருவர் அவருடைய மூத்த மகன் பெலிக்ஸ், மற்றவர் கிருஷ்ண பால். கரையில் நின்ற கவர்னர் பீ கண்ணீர் விட்டாராம்.

கோகுல் பிற்பாடு திரும்பி வந்தார். பயந்து விலகிய அவரைச் சபை தள்ளிவிடவில்லை. 1803 அக்டோபரில் அவர் இறந்தபோதுதான் அந்தச் சின்னச் சபைக்குப் பெரிய சோதனை வந்தது. பிணத்தைச் சுமப்பது யார்? வேறு சாதியின் பிணத்தைத் தொடுவதே தீட்டு என்றிருந்த ஊர் அது. ஐரோப்பியர்களும் கூலிக்கு ஆள் பிடித்தே சவப்பெட்டியைத் தூக்கச் செய்வது வழக்கம். கிருஷ்ண பால் தன் கையாலேயே பெட்டி செய்தார். உள்ளும் புறமும் வெள்ளை மஸ்லின் துணி போர்த்தினார், அதுவும் தன் சொந்தச் செலவில். நான்கு பேர் தோள் கொடுத்தார்கள்: மார்ஷ்மேன், பெலிக்ஸ் கேரி, பிராமணராயிருந்து ஞானஸ்நானம் பெற்ற பைரவ், முஸ்லிமாயிருந்து வந்த பீரு. வங்காளத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே செராம்பூர்த் தெருக்கள் வழியாக வந்தார்கள். ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது. அதே ஆண்டில் கிருஷ்ண பாலின் மகளைக் கிருஷ்ண பிரசாத் என்ற பிராமண விசுவாசி மணந்தார்.

இதைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். தஞ்சை, திருச்சி வட்டாரத்துச் சபைகளில் சாதிவாரியாக உட்கார்ந்து ஆராதித்த காலம் நீண்டது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை உடனே விட்டுவிட வேண்டுமென்று கடிதம் எழுதியபோது, பல குடும்பங்கள் சபையையே விட்டு வெளியேறின. கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிக்கொரு பக்கம் இன்றும் நம்மிடையே உண்டு. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் புதைகுழிக்கு நடுவில் சுவர் வைப்பதை என்னால் எப்போதும் ஏற்க முடிந்ததில்லை. செராம்பூரில் கிடைத்த முதல் குழியே அந்தச் சுவரை இடித்துவிட்டது. மொழிபெயர்ப்பும் அச்சகமும் கேரிக்குக் கிடைத்த பெரிய வரங்கள்தான். அந்தச் சபையின் மகிமை இந்தச் சவ ஊர்வலம்தான் என்பேன்.

பிறகு ஆற்றங்கரைக்குப் போனோம். 1818-இல் தொடங்கிய கல்லூரியின் பெரிய தூண்கள் ஆற்றைப் பார்த்து நிற்கின்றன, அக்கரையில் பாரக்பூர். படித்துறையில் இறங்கித் தண்ணீரைத் தொட்டு ஸ்தோத்திரம் சொன்னோம்.

மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குக் கொல்கத்தா பௌபஜாரில் உள்ள கேரி பாப்டிஸ்ட் ஆலயம். லால்பஜார் ஆலயம் என்பது பழைய பெயர். 1809 ஜனவரி முதல் தேதி திறந்தது. அன்று சுற்றிலும் மாலுமிகள் குடித்துக் கிடக்கும் கடைகள். அதற்காகவே இந்த இடத்தைப் பிடித்தார்களோ என்று நினைத்துக்கொண்டேன். 1812 மார்ச் 11-ஆம் தேதி செராம்பூர் அச்சகம் தீக்கிரையாகி, கேரியின் பல ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகள் சாம்பலான பின், அவர் இங்கே பிரசங்கித்த வசனம் சங்கீதம் 46:10: “நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்.” அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று இங்குள்ள தொட்டியில், அமெரிக்காவிலிருந்து வந்த அதோனிராம் ஜட்சனுக்கும் அவர் மனைவி ஆனுக்கும் வார்டு ஞானஸ்நானம் கொடுத்தார். கப்பலில் வரும்போதே வேதத்தை ஆராய்ந்து, குழந்தை ஞானஸ்நானம் சரியா என்று தங்களையே கேட்டுக்கொண்டு வந்தவர்கள். பிறகு பர்மாவுக்குப் போனார்கள். சிறுபிள்ளையாயிருந்தபோதே தண்ணீர் தெளிக்கப்பட்டவன் நான். என் சபையின் முறையில் எனக்குக் குறையொன்றுமில்லை. ஆனாலும் அந்தத் தொட்டியை நினைக்கையில், நானே விரும்பி மறுபடியும் ஆண்டவருக்கு ‘ஆம்’ சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னேன்.

கிருஷ்ண பாலும் இந்த நகரத்தில் பிரசங்கித்தவர். பிறகு இன்றைய மேகாலயாவிலுள்ள காசி (Khasi) மலைகளின் அடிவாரம்வரை சுவிசேஷத்தோடு போனார். 1822-இல் காலராவில் மரித்தார்.

எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டத்தை விரிவாக்க அடுத்த மாதம் சபைக் கூட்டம் கூடுகிறது. நடுச்சுவர் வேண்டாமென்று எழுத்தில் கொடுக்க மனுவை ரயிலிலேயே எழுதிவிட்டேன். முதல் கையெழுத்து என் மனைவி போட்டாள்.