ஆம்ப்புக்குத் தனிப் பெட்டியில் பவர் சப்ளை: கனெக்டரும் ஒயரும் படுத்திய பாடு

ஆடியோ ஆம்ப்ளிஃபையருக்கான பவர் சப்ளையைத் தனிப் பெட்டியில் வைக்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தாலும் ஹம் என்ற அந்த ரீங்கார இரைச்சல் இல்லை. ஆனால் கனெக்டரும் ஒயரும் என்னைப் படுத்திய பாட்டை எழுதிவிட வேண்டும், அடுத்து இந்த வேலையைக் கையில் எடுப்பவராவது அலையாமல் தப்பிக்கட்டும்.

எல்எம்3886 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசி இரண்டு, 25-0-25 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், டிசி சுமார் ±35 வோல்ட். ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜும் பெரிய கெப்பாசிட்டர்களும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியிலேயே. அவற்றை ஆம்ப் பக்கம் வைத்தால் சார்ஜிங் பல்ஸ் எல்லாம் கேபிள் வழியாக ஓடி இரைச்சலைக் கொண்டுவரும். இதுவரை தொல்லை இல்லை.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர், "மூணு பின் தானே சார், எக்ஸ்எல்ஆர் போடுங்க, எல்லாரும் அதான் போடுறாங்க" என்று அடித்துச் சொன்னார். தயவுசெய்து போடாதீர்கள், அது மைக் கேபிளில் வரும் கனெக்டர். வீட்டில் யாராவது அந்தக் கேபிளை மிக்ஸரில் செருகினால் 35 வோல்ட் நேராக அதற்குள் போகும். எக்ஸ்டி60 என்ற பேட்டரி கனெக்டரைக் கேட்டுப் பார்த்தேன், அதில் இரண்டே பின்; பிளஸ், மைனஸ், கிரவுண்ட் மூன்றுக்கும் போதாது.

கடைசியில் ஜிஎக்ஸ்16 என்ற வட்டமான திருகு கனெக்டர், 5 பின். பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று, கிரவுண்டுக்கு (பூஜ்ஜிய வோல்ட்) இரண்டு, சேஸிஸ் எர்த்துக்கு (உலோகப் பெட்டியின் எர்த்) ஒன்று. கிரவுண்டுக்கு ஏன் இரண்டு? பிளஸும் மைனஸும் ஆளுக்குப் பாதி அலையைத்தான் சுமக்கின்றன. ஸ்பீக்கரிலிருந்து திரும்பும் கரண்ட் முழுவதும் கிரவுண்ட் வழியாகத்தான் வருகிறது. அந்த கிரவுண்ட் இணைப்பு விட்டுப்போனால் ஸ்பீக்கருக்கே டிசி போய்விடலாம். ஆம்ப் ஓடும்போது கனெக்டரைக் கழற்றவோ மாட்டவோ கூடாது என்பதும் இதனால்தான்.

அதிலும் ஒரு சிக்கல். கடைகளில் கிடைக்கும் ஜிஎக்ஸ்16-இல் பெரும்பாலும் பேனல் துண்டில்தான் பின் நீட்டிக்கொண்டிருக்கிறது, கேபிள் துண்டில் துளை. சப்ளை பெட்டியில் அதைப் பொருத்தினால் கேபிளைக் கழற்றியதும் 35 வோல்ட் பின்கள் வெளியே தெரியும். தலைகீழ் வகை கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. அப்புறம்தான் வழி பிடிபட்டது: சப்ளை பக்கம் கனெக்டரே வேண்டாம். கேபிளை கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் திருகு வளையம்) வழியாக உள்ளே விட்டு நிரந்தரமாகச் சால்டர் செய்தேன். மறுமுனையில் துளை உள்ள பிளக், ஆம்ப் பேனலில் பின். ஒரு ஜாயின்ட்டும் மிச்சம்!

என்னை உண்மையில் கொதிக்க வைத்தது ஒயர்தான். "சுத்தக் காப்பர்" என்று மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் சிவப்புத் தோலுக்கு அடியில் வெள்ளை. காப்பர் பூசிய அலுமினியம்! ரெசிஸ்டன்ஸ் ஒன்றரை மடங்குக்கும் மேல். திரும்பக் கொண்டுபோனால், "வெட்டின ஒயரை எடுக்க மாட்டோம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போக வர பஸ்ஸும் வெயிலும்தான் மிச்சம்.

கையில் சின்ன பிளேடு வைத்துக்கொள்ளுங்கள்; வெட்டும் முன் கடையிலேயே சுரண்டிப் பாருங்கள். வெள்ளீயம் பூசிய நல்ல காப்பர் இதற்கு நேர் எதிர்: மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு. அதைப் பார்த்துப் பயந்து விட்டுவிடாதீர்கள். நான் பிறகு வேறு கடையில் ஐஎஸ் 694 என்று அச்சிட்ட ஐஎஸ்ஐ ஒயர், 1 சதுர மி.மீ. வாங்கினேன்; மீட்டருக்கு 5 ஆம்பியரில் இழப்பு 0.1 வோல்ட்டுக்குள்தான்.

ஸ்க்ரூ டெர்மினலில் மாட்டும் முனைக்கு சால்டர் ஈயம் வைக்காதீர்கள், நாளடைவில் அமுங்கித் தளர்ந்துவிடும். ஃபெரூல் (ஒயர் முனையில் மாட்டும் சின்ன உலோகக் குழல்) போட்டு அழுத்துங்கள். பிளஸ், மைனஸ் ஒவ்வொன்றிலும் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 2.2 கே (2,200 ஓம்), 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டால், 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் ஆஃப் செய்த ஒரு நிமிடத்தில் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். கேபிளை அதற்கப்புறம் கழற்றுங்கள்.