கூடுதல் முயற்சி

ஜனவரி 9

இவர் ஓட்டிய காரின் ஸ்டீயரிங் திரும்பாமல் மோதியதற்காகக் கார் கம்பெனி மேல் போட்ட வழக்கில், அவர்களிடம் ஆவணம் கேட்டு இன்றோடு முப்பது நாள். நோட்டீஸ் போனால் முப்பது நாளுக்குள் பதில் வந்தாக வேண்டும், இங்கே அமெரிக்காவில் ஃபெடரல் கோர்ட் விதி. ராத்திரி சமைக்கும்போதுகூட போனை அடுப்புப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

ஜனவரி 10

நள்ளிரவுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது அனுப்பியிருக்கிறார்கள். கேட்டது 31. முப்பத்தொன்றுக்கும் ஒரே பல்லவி: தெளிவாக இல்லை, தாங்க முடியாத சுமை, வழக்குக்குச் சம்பந்தமில்லை, வணிக ரகசியம். கடைசியில், ‘இந்த ஆட்சேபங்களுக்கு உட்பட்டு’ இருப்பதைத் தருவார்களாம். எது இருக்கிறது, எதைத் தரப்போவதில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது.

2015ல் விதியைத் திருத்திவிட்டார்களாம். ஆட்சேபம் சொல்கிறவர், அதைக் காட்டி எதையாவது பிடித்து வைத்திருக்கிறாரா என்பதையும் சொல்ல வேண்டும். “அவங்க சொல்லல, நல்லது” என்றார் வக்கீலம்மா. இதில் நல்லது என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஜனவரி 17

யார்டுக்குப் போனேன். கார் நீலத் தார்ப்பாய்க்குள் இருக்கிறது. காவலாளி ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிக் காட்டினார். சன்வைசர் கண்ணாடியில் நான் எப்போதோ ஒட்டிய பொட்டு அப்படியே இருக்கிறது. கை தானாகப் போய்விட்டது. “தொடாதீங்க” என்றார்.

அத்தை இன்றும் போனில் அதே பேச்சு. “அந்தச் சனியனை இரும்புக்குப் போட்டுத் தொலைங்க, மாசா மாசம் வாடகை எதுக்கு?” போட்டால் நாமே சாட்சியத்தை அழித்தோம் என்று திருப்பிவிடுவார்கள், அத்தை. அது மட்டுமில்லை. 2010ல் ஜார்ஜியாவில் ஒரு பெண் இறந்துபோன ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கில், காகிதத்தில் இல்லாதது இரும்பில்தான் கிடைத்தது. இக்னிஷன் ஸ்விட்சுக்குள் இருக்கும் சின்ன உலக்கை மாதிரித் துண்டை ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம் நீளமாக்கிவிட்டு, பார்ட் நம்பரை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தார்கள். அந்தக் காரிலிருந்து எடுத்த ஸ்விட்சையும் புதிதாக வாங்கியதையும் ஒரு இன்ஜினியர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நம்பர் மாறாத ஒன்றை எந்த நம்பரைச் சொல்லிக் கேட்பது?

இதையெல்லாம் அத்தையிடம் சொல்லவில்லை. “சரி அத்தை” என்றேன்.

ஜனவரி 30

தூக்கமில்லை. இவருக்கும்.

பிப்ரவரி 4

காரின் கறுப்புப் பெட்டியிலிருந்து தரவு எடுத்தார்கள். இரண்டு பக்கத்து நிபுணர்களும் இருந்தார்கள், இரண்டு பக்கமும் வீடியோ எடுத்தது. மோதலுக்கு முந்தின ஐந்து விநாடி. வேகம் இருக்கிறது, பிரேக் எப்போது மிதித்தார் என்பது இருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினாரா என்பது இந்த மாடலில் பதிவாவதில்லையாம். ஐந்து விநாடியும் அவர் செய்துகொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.

பிப்ரவரி 11

தேடுசொல் சண்டை. கம்பெனியின் மெயிலையெல்லாம் யாரும் உட்கார்ந்து படிக்கப்போவதில்லை. எந்தெந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்று இரண்டு தரப்பும் பேசி முடிக்க வேண்டும். பேசிப் பார்த்தோம் என்று காட்டாமல் நீதிபதியிடம் போகவும் முடியாது. அவர்கள் அனுப்பிய பட்டியலில் ஆறு சொல். ‘டிஃபெக்ட்’, ‘ஃபெயிலியர்’, ‘ஸ்டீயரிங் லாக்’ எல்லாம் இருந்தன. பரவாயில்லையே, நியாயமாகத்தான் நடக்கிறார்கள் என்று நினைத்தேன்.

வக்கீலம்மா ஒரு பயிற்சிப் பாடத்தைக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் 2008ல் தன் ஊழியர்களுக்கு நடத்தியது, 2014ல் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையோடு போட்ட ஒப்பந்தத்தின்போது வெளியே வந்தது. எழுதக் கூடாத சொற்கள் 69. ‘டெத்ட்ராப்’ இருக்கிறது. ‘உருளும் சவப்பெட்டி’ என்கிற மாதிரிகூட ஒன்று இருக்கிறது (இதை எந்த இன்ஜினியர் மெயிலில் எழுதியிருப்பார்? நண்பராக்கிக்கொள்ளத் தோன்றுகிறது). அவை போகட்டும். ‘டிஃபெக்ட்’டும் அதில் இருக்கிறது. அதற்குப் பதில், ‘வடிவமைப்புப்படி செயல்படவில்லை’ என்று எழுத வேண்டும். ‘ப்ராப்ளம்’ வரக் கூடாது. இஷ்யூ, கண்டிஷன், மேட்டர்.

நம் கம்பெனி இப்படிப் பாடம் நடத்தியதா என்று யாருக்குத் தெரியும். ஆனால் எழுத வேண்டாமென்று பழக்கிய சொல்லைப் போட்டுத் தேடினால் ‘ஒன்றுமில்லை’ என்று வரும். பொய்யும் இல்லை. சத்தியம் செய்தே சொல்லலாம்.

ராத்திரி முழுக்க, டீலர்களுக்குக் கம்பெனி அனுப்பிய சர்வீஸ் சுற்றறிக்கைகளைத் தேடித் தேடிப் படித்தேன். அவை அரசாங்கத் தளத்திலேயே கிடைக்கின்றன. இரண்டரை மணிக்கு அகப்பட்டது: ‘திருப்புவதற்குக் கூடுதல் முயற்சி தேவைப்படலாம்’. மூன்று சுற்றறிக்கையிலும் அதே வரி. இவர் உடம்பையே சாய்த்துத் தொங்கியும் வளையாத சக்கரத்துக்கு அவர்கள் வீட்டில் வைத்த பெயர் அது.

வக்கீலம்மாவுக்கு அப்போதே மெயில் போட்டேன்.

பிப்ரவரி 12

பதில் ஒரே வரி: “இன்னைக்கே சேர்க்கிறேன்.”

மார்ச் 6

அந்தச் சொல்லைச் சேர்த்தால் 38,000 மெயில் வருகிறதாம். அதனால் அது ‘தாங்க முடியாத சுமை’யாம்.

முப்பத்தெட்டாயிரம்! சமையலறையில் நின்று கத்தினேன். இவர் பயந்துபோய் என்னவென்று கேட்டார்.

மார்ச் 24

மாஜிஸ்திரேட் நீதிபதி முன்னால் இருபது நிமிஷம். காரைப் பற்றி, ஆளைப் பற்றிப் பேச்சே இல்லை. எந்த வருஷ மாடல் வரை தேடலாம், ஒரு பக்கத்தைப் பார்க்க எவ்வளவு செலவாகும், இதுதான். இதே ஸ்டீயரிங் மோட்டார் போட்ட முந்தைய இரண்டு வருஷ மாடலுக்கும் தரச் சொன்னார். மற்ற மாடல்கள் கிடையாது. கூடுதல் முயற்சி உண்டு.

ஏப்ரல் 15

ரகசியக் காப்பு உத்தரவில் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 19

41,000 பக்கம் வந்திருக்கிறது. பார்த்தேன். எழுத முடியாது.

ஏப்ரல் 20

எழுத முடியாது.

ஏப்ரல் 27

சமரசம் பேசலாம் என்று அவர்களே கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறு மாதமாக வராத அக்கறை. இவர், “வாங்கிட்டு முடிச்சுக்கலாம், எனக்குப் போதும்” என்கிறார். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் குட்இயர் ஜி159 டயர் வழக்கு மண்டையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. மோட்டார் ஹோம் கவிழ்ந்த குடும்பம் வருஷக்கணக்காகச் சோதனை முடிவுகளைக் கேட்டது. எல்லாம் வரவில்லை. சமரசம் முடிந்த பிறகு, வேறொரு வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததைப் படித்துத்தான், இன்னும் சோதனைகள் இருந்தது அவர்கள் வக்கீலுக்குத் தெரிந்தது. நீதிபதி 27 லட்சம் டாலர் கட்டச் சொன்னார். 2017ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, மறைத்ததால் மட்டும் உண்டான வக்கீல் செலவு எவ்வளவென்று மறுபடி கணக்குப் பார்க்கச் சொன்னது. மறைத்தது தப்பு, ஆனால் தப்புக்கு இத்தனை ரூபாய் இத்தனை பைசா.

மே 8

இப்போது அவர்கள் கேட்கிற முறை. இவருடைய பத்து வருஷ மருத்துவக் குறிப்பு, போன் பில், பிசியோதெரபி ரிப்போர்ட், ‘நாட்குறிப்புகள், இணையத்தில் இட்ட பதிவுகள் உட்பட’.

வக்கீலம்மா போனில் ரொம்ப நேரம் பேசவில்லை. எழுதுவதை நிறுத்துங்கள். ஒரு வரியையும் அழிக்காதீர்கள்.

ஆட்சேபிக்கலாமா என்று கேட்டேன். தாங்க முடியாத சுமை என்று.

மே 10

இவர் இன்று கைப்பிடியை விட்டுவிட்டு ஏழு படி ஏறினார். ஏழாவதில் நின்று திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். இதை எழுதலாமா என்று