தோற்காத வேட்பாளர்: சில நாட்களின் குறிப்புகள்

ஜூன் 3

கருணாநிதி பிறந்தநாள். வாழ்த்துச் செய்திகளில் எல்லாம் அதே வரி: சட்டமன்றத் தேர்தலில் 13 முறை நின்றார், 13 முறையும் வென்றார். 1957 குளித்தலை முதல் 2016 திருவாரூர் வரை எண்ணிப் பார்த்தேன், கணக்கு சரிதான். ஆனால் வெற்றிகளை எண்ணுகிறவர்கள் வாக்கு வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. சுவாரசியம் அங்கேதான் இருக்கிறது.

ஜூன் 4

1962-இல் குளித்தலையை விட்டுத் தஞ்சாவூருக்குப் போகிறார். எதிரில் காங்கிரஸின் பரிசுத்த நாடார். அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்ற தேர்தலில் இவர் வென்றார். அடுத்த தேர்தலுக்குள் அந்தத் தொகுதியையும் விட்டாகிவிட்டது! 1967 சைதாப்பேட்டைக்குப் பிறகு 2006 வரை சென்னையைத் தாண்டவில்லை. அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம் என்று நகருக்குள்ளேயே இடம் மாறினார். வெல்வதற்கு முன்பே பாதி வேலை, எங்கே நிற்பது என்ற முடிவில் நடந்துவிடுகிறது.

ஜூன் 6

இன்று பார்த்தது இரண்டே தேர்தல்கள். 1980 ஜனவரியில் தி.மு.க. – காங்கிரஸ் அணி தமிழ்நாட்டின் 39 மக்களவை இடங்களில் 37-ஐ அள்ளியது. அதே ஆண்டு மே மாதம் சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். ஆட்சியைப் பிடித்தார். அண்ணா நகரில் அ.தி.மு.க.வின் எச்.வி. ஹண்டேயை எதிர்த்து நின்ற கருணாநிதி கரையேறியது 699 வாக்குகளில். ஒரு தெரு மனம் மாறியிருந்தால் இந்தச் சாதனைப் பேச்சே இருந்திருக்காது.

1991 இன்னும் மோசம். ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் வீசிய அலையில் கட்சியே அடித்துச் செல்லப்பட்டது. துறைமுகத்தில் இவர் 890 வாக்குகளில் தப்பினார். பிறகு எம்.எல்.ஏ. பதவியையும் துறந்தார். அது கட்சித் தலைவரின் முடிவு. வாக்களித்த துறைமுகத்துக்காரர்களுக்கு அது நியாயமா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

1984 பட்டியலிலேயே இல்லை. ஈழத் தமிழர் பிரச்சினையில் 1983-இல் எம்.எல்.ஏ. பதவியிலிருந்து விலகியவர், அந்தத் தேர்தலில் நிற்கவில்லை, சட்ட மேலவைக்குப் போனார். இந்திரா படுகொலை, எம்.ஜி.ஆர். நோய் என இரட்டை அனுதாபம் வீசிய ஆண்டு அது. நிற்காதவரை யாரும் தோற்கடிக்க முடியாது அல்லவா?

ஜூன் 9

சொந்த மண்ணான திருவாரூரில் நிற்க ஏன் அவ்வளவு தாமதம் என்று நண்பர் கேட்டார். திருவாரூர், பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியாக இருந்தது. தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் 2011-இல்தான் பொதுத்தொகுதி ஆனது. உடனே அங்கே நின்றார். 2016-இல் 91 வயதில் 68,366 வாக்கு வித்தியாசம், அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே அதிகம். கட்சிக்குக் கிடைத்தது 89 இடங்கள், எதிர்க்கட்சி வரிசை.